படலைச் சாத்திவிட்டு

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு நடுவே மிதித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆண்டின் கடைசி மலைச் சைக்கிள் பந்தயம். முதல் பந்தயத்தில் செயின் அறுந்தது. அடுத்ததில், கோபிசெட்டிபாளையம் பக்கம் வழி தவறி ஒரு வாழைத்தோப்புக்குள் போய், அங்கிருந்தவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி ஆளாக வந்தேன். இன்றைக்கு என்னாலேயே நம்ப முடியவில்லை, மூன்றாவதாகப் போகிறேன். மூன்றாம் இடத்துக்கும் கோப்பை உண்டு.

முன்னால் போன பெங்களூர்க்காரர்கள் இருவரும் ஒரு காட்டு வாசலில் இருந்த முள் படலைத் திறந்து போட்டுவிட்டுப் பறந்திருக்கிறார்கள். நான் அதைத் தாண்டி வெளியே வந்ததும் உள்ளேயிருந்து ஆடு மேய்க்கும் அம்மாவின் குரல் கேட்கிறது.

“கண்ணு, படலைச் சாத்திப்போட்டுப் போ சாமி! ஆடெல்லாம் ரோட்டுக்குப் போயிரும்!”

கோப்பையா, ஆடா? யோசிப்பதற்குள் கால் தரையில் ஊன்றிவிட்டது. முள் குத்தக் குத்தப் படலைத் தூக்கிச் சாத்துகிறேன்.

அதற்குள் பின்னால் வந்த பெருந்துறைக்காரர் படலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார்.

“ஏனுங்க, ரேஸ்ல வந்து படலைச் சாத்திட்டிருக்கறீங்க?”

“ஆடு போயிருமுங்க!” என்று கத்திக்கொண்டே ஏறி மிதிக்கிறேன்.

அவர் திட்டிக்கொண்டே படலைத் திறந்து சைக்கிளை வெளியே தள்ளும் சத்தம் கேட்கிறது. என்னைவிட வேகக்காரர், எப்படியும் பிடித்துவிடுவார். பயத்தோடு திரும்பிப் பார்க்கிறேன்.

சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு, இன்னமும் திட்டிக்கொண்டே, அவர் படலைச் சாத்திக்கொண்டிருக்கிறார்.