மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஓடிய ரயில்

போன சனிக்கிழமை என் மச்சினன் ஞானப்பிரகாசத்தோடு அரியலூர் போயிருந்தேன். முந்திரி மூட்டை ஏற்ற அவன் புதுசாக பிக்கப் வேன் வாங்கியிருக்கிறான். கூடவே கம்பெனி கொடுத்த ரேடியோ. ஒரே ஸ்பீக்கர். இன்ஜின் ஓடாதபோது மட்டும் கேட்கும்!

"வண்டி ஓடும்போது கேக்காத ரேடியோ எதுக்கு மச்சான்?"

நியாயம்தானே? அங்கே ஒரு கடையில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கேசட் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் மாட்டினோம். கடைக்காரர் ஸ்டீரியோவைச் சோதிக்கும் கேசட் ஒன்றைப் போட்டார். ஒரு ரயில் இடது ஸ்பீக்கரில் கிளம்பி, வலது ஸ்பீக்கரில் போய் மறைந்தது. மச்சினன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்!

அந்தக் கேசட்டையே கேட்டு வாங்கிக்கொண்டோம். பாட்டு கேசட்? சந்தோஷத்தில் மறந்தே போச்சு.

வழியெல்லாம் ரயில்தான். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் ரயில்வே கேட்டைத் தேடினார்.

கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டியதும், பட்டு வேட்டிக்காரர் ஒருவர் இரண்டு கையையும் விரித்து வண்டியை மறித்தார். கல்யாணப் பெண்ணைப் பெற்றவராம். பாண்டு செட் வந்த வேன் எங்கோ பிரேக்டவுன். பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பா முறைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தமில்லாம எங்க புள்ளய அழச்சிட்டுப் போவ இது என்ன துக்க வூடா? திரும்புங்கடா எல்லாம்!"

"தம்பி, ஒரு பாட்டு போடுங்க... என் பொண்ணு மாலையோட உக்காந்திருக்கு" என்றார் பெற்றவர். கண் கலங்கியிருந்தது.

மச்சினன் கேசட்டை எடுத்துக் காட்டினான். "பாட்டு இல்லீங்க... ரயிலுதான் இருக்கு."

"எதையாவது போடுங்க தம்பி!"

போட்டான். கூ...! கூட்டம் மொத்தமும் இடமிருந்து வலம் தலையைத் திருப்பியது. சித்தப்பா மெதுவாக ஸ்பீக்கர்கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"அட... ஓடுதுடா! திரும்பப் போடு!"

அவ்வளவுதான். மாப்பிள்ளை சிரித்தபடி நடக்க ஆரம்பித்தார். பின்னால் இளவட்டங்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாய்ச் சேர்ந்தார்கள். முன்னால் இன்ஜின் யார்? சித்தப்பாவேதான்! "கூ... குச்சு குச்சு..." என்று அவர் போக, கடைசியில் பெண்ணின் அப்பா ரயில் கார்டு மாதிரி துண்டை ஆட்டிக்கொண்டு வந்தார். மாலையும் கழுத்துமாகப் பெண்ணே வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

வீம்பு பிடித்து நிற்கிறவர்கள் பலரும் இறங்கி வர ஒரு சாக்குக்காகத்தான் காத்திருக்கிறார்களோ?

பந்தியில் சித்தப்பா எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "அடுத்த மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். நீங்கதான் வரணும்." அப்புறம் சம்பந்தி காதில் விழாமல் கிசுகிசுத்தார்: "இதே ரயிலுன்னா மரியாதயா இருக்காது... ஏரோப்பிளேன் கெடைக்குமா?"

தேடிக்கொண்டிருக்கிறோம்!