என் பெயரில் திறந்த ஃபோல்டர்

செங்கல்பட்டு அலுவலகத்தில் இருந்த ஆறு கம்ப்யூட்டர்களையும் வயர் இழுத்து இணைத்தபோது, நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வந்தது. அதில் யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கண்காணிப்பாளரான என்னிடம் கொடுத்தார்கள். எல்லாரும் படிக்கலாம், நான் மட்டும் திருத்தலாம் என்று வைத்தேன். என் சர்வீஸில் யாரையும் நம்பிக் கெட்டதில்லை.

இடமாறுதல் கேட்டவர்களின் பட்டியல் அந்த ஃபோல்டரில் இருந்தது. முதலில் மனு கொடுத்தவர் பெயர் மேலே. மாமல்லபுரம் கிளையில் ஒரே ஒரு காலியிடம். எங்கள் உதவியாளர் ஒருவருக்கு வீடு அங்கேதான். மனைவிக்குப் பிரசவமாகி ஒரு மாதம். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறித் தினமும் வந்து போனார். பட்டியலில் அவர் மூன்றாவது ஆள்.

நான்கு நாள் லீவு முடிந்து வந்து பார்த்தால் முதல் ஆளாக இருந்தார்.

லீவுக்கு முன்பு ஒரு வாரமாகவே அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பாஸ்வேர்டு அடிப்பதைப் பார்க்கத்தான் நின்றார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எனக்குப் படிக்கத்தான் சார் பர்மிஷன் கீது. நீங்கதான வச்சீங்க" என்றார்.

"அதனாலதான் என் பேர்ல திறந்திருக்கு."

"இன்னா சார், திருடறவன் தன் பேரையா மேல போட்டுக்குவான்?"

இந்த மாதிரி பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பது. மெமோ தயாரித்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, அன்றே கொடுத்தேன். மெமோ நிலுவையில் உள்ளவர் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது வழக்கம். பட்டியல் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போக வேண்டும்.

மறுநாள் கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். பட்டியல் திருத்தப்பட்டது நான் லீவில் இருந்த வியாழக்கிழமை மதியம், என் பெயரில்தான். ஆனால், அலுவலகத்துக்குள் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று சொல்ல முடியாது என்றார்.

"பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா சார்?"

"யாருக்கும் தெரியாது" என்றேன்.

பக்கத்து மேஜையில் முதுநிலை உதவியாளராக இருந்த ஓர் அம்மா, தலையை நிமிர்த்தாமல், "எனக்குத் தெரியுமே சார்" என்றார். நான் லீவில் இருந்தபோது பொறுப்பு பார்த்தவர் அவர்தான்.

"உங்களுக்கு எப்படி?"

"சார்ஜ் லிஸ்ட்ல கொடுத்தீங்களே."

அந்த லிஸ்ட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். லீவில் போகிறவர் தன் வசமுள்ள ஒவ்வொன்றையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைத்திருந்தேன். பீரோ சாவி இரண்டு. ரப்பர் ஸ்டாம்பு நான்கு. மை டப்பா ஒன்று. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு ஒன்று. எதிரே, தெளிவாக, பாஸ்வேர்டு. கீழே என் கையெழுத்து. நகல்: அனைத்துப் பிரிவுகளுக்கும்.

"நோட்டீஸ் போர்டுலகூட ஒண்ணு கீது சார். நீங்களே ஒட்டிட்டுத்தான் கிளம்புனீங்க" என்றார் அந்த அம்மா.

போய்ப் பார்த்தேன். இருந்தது.

மெமோவைக் கிழித்துப் போட முடியாது, அதற்கு அனுப்புகை எண் விழுந்துவிட்டது. ரத்து செய்ய வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். பாஸ்வேர்டை வெளியிட்டது கண்காணிப்பாளரே என்று குறிப்பு எழுதி அதிகாரியிடம் வைத்தேன். அவர் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மனுக்களை எடுத்துப் பட்டியலைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை உதவியாளர் பெயர் மூன்றாவதாகவே போனது.

ரத்து ஆணையை வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"அப்ப மாத்துனது யாரு சார்?"

"தெரியலப்பா. யார் வேணும்னாலும் இருக்கலாம்."

"எம்மேல இன்னும் டவுட்டு கீதா?"

"இல்லை" என்றேன்.

அவர் நம்பவில்லை. அவர் நினைத்தது சரிதான்.