கோயிலை மூன்று முறை சுற்றிய கார்

ஜொகூர் பாருவை அடுத்த கூலாயில் எங்கள் தாய்மாமா வாடகைக் கார் ஓட்டிய காலத்தில், அந்தக் கார் ஓடுவதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. நிற்பதைப் பற்றித்தான் பேச்சு. பிரேக் பட்டை தேய்ந்து போய், ஆணி இரும்பில் உரசி, கார் வருவதற்கு முன்னே அதன் கீச்சுக் குரல் வந்துவிடும். ஆளை இறக்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே மாமா வேகத்தைக் குறைக்கத் தொடங்குவார். அப்படியும் நிற்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் குதித்து, சக்கரத்துக்கு முன்னால் ஒரு ரப்பர் மரக்கட்டையைப் போட வேண்டும். அப்பா பலமுறை குதித்திருக்கிறார். எனக்கு அதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி. ஜெபமாலை கையை விட்டு இறங்காத மனிதர். எல்லாம் பொருந்தி வந்தது. கார் மட்டும்தான் இடைஞ்சல்.

“வண்டிய யாரு வேணா ஓட்டலாம். நிப்பாட்டிக் காட்டச் சொல்லுங்க” என்று கங்காணி சொல்லி அனுப்பினார். “ஞாயித்துக்கிழம பூசைக்கு வர்றோம். உங்க வீட்டுலேந்து கோயில் வாசல் வரைக்கும் எங்கள ஏத்திட்டுப் போயி, வாசல்ல நிப்பாட்டட்டும். அப்புறம் கல்யாணப் பேச்சு.”

எங்கள் வீடு மேட்டில். மாதா கோயில் கீழே. நடுவில் சரிவான செம்மண் பாதை. அது கோயிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கே வந்து சேரும்.

மாமா ஜொகூர் பாருவில் ஒரு சீனர் கடையில் புதுப் பட்டை வாங்கி வந்தார். கனத்த நெசவுத் துணி போல, சுருளாக இருந்தது. சனிக்கிழமை வாசலில் காரைக் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, உள்ளே இருந்த வளைந்த இரும்புகளை வெளியே எடுத்தார்கள். பழைய பட்டையை அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மாப்ள, இது தேஞ்சு போகல. காணாமப் போயிருக்கு.”

“அலமாக்! அதான் உங்கள அவ்வளவு தூரம் குதிக்க வச்சிச்சா அத்தான்?”

புதுப் பட்டையை அளந்து வெட்டி, துளை போட்டு, செப்பு ஆணி அடித்து முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. பட்டை தைத்த இரும்புகளைக் கோணியில் பரப்பி வீட்டுக்குள் வைத்தார் மாமா. விடிந்ததும் அவற்றை மாட்டி முடித்தார். சோதித்துப் பார்ப்பதற்குள் பூசை மணி அடித்தது. பட்டை புதுசு, ஆணி புதுசு, இனி என்ன என்று எல்லாரும் கோயிலுக்கு நடந்தோம்.

பூசை முடிந்து கங்காணியும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார்கள். பிறகு காரில் ஏறினோம். முன்னால் மாமாவும் கங்காணியும். பின்னால் அம்மாவும் அந்த அக்காவும், நடுவில் நான். கார் சரிவில் இறங்கியது. கோயில் வாசலில் பூசைக் கூட்டம் இன்னும் பேசிக்கொண்டு கலையாமல் நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார். கீச்சென்ற சத்தமே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் காரும் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். கைப் பிரேக்கை இழுத்தார். வாசல் வந்தது, வாசல் போனது. மாமா ஹாரனை விடாமல் அடித்தார். கூட்டம் விலகி வழி விட்டது.

“தம்பி, வாசல் போயிருச்சே!” என்றார் கங்காணி.

அந்த அக்கா முன்னால் குனிந்து, மிதித்து மிதித்து ஓய்ந்துகொண்டிருந்த மாமாவின் காலையே பார்த்தாள். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நேர்ச்சைப்பா! வண்டிக்குப் புது வேல செஞ்சிருக்காங்கல்ல? கோயில மூணு சுத்து சுத்திட்டுத்தான் நிப்பாட்டணும்னு வேண்டியிருக்காங்க.”

கங்காணியின் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு ஜெபமாலையை உருட்டத் தொடங்கினார். இரண்டாம் சுற்றில் வாசலில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ மாதா பாட்டுத் தொடங்க, யாரோ போய் மணியும் அடித்தார்கள். மூன்றாம் சுற்றில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சிறு மேட்டில் ஏறும்போதுதான் மாமாவுக்கு மூளை வேலை செய்தது. எஞ்சினை அணைத்தார். கார் ஊர்ந்து ஊர்ந்து வந்து, கொண்டுவந்து வைத்தாற்போல வாசலில் நின்றது.

“எறங்குங்க மாப்பிள்ள” என்றார் கங்காணி. மாமாவின் கால் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சக்கரத்தைக் கழற்றி மாமா மோந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் வாசம்.

“அக்கா!” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

“ஏன்டா கத்துற? புதுச் சாமான். அந்தோனியார் வெளக்கு எண்ணெ தடவாம மாட்ட விடுவனா? நீங்க தூங்குனப்புறம் தடவுனேன். பஞ்சு மாதிரி குடிச்சுது. குடிக்கட்டும்னு இன்னும் கொஞ்சம் ஊத்துனேன்.”

அப்பா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா அசையவில்லை.

“சிரிங்க. எண்ணெ வைக்கலன்னா வண்டி வாசல்ல நின்னுருக்கும், அவரும் தம்பின்னே சொல்லிட்டு எறங்கிப் போயிருப்பாரு. இப்ப வாய் நெறைய மாப்பிள்ளன்னாரு. அந்தோனியாருக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரியுமோ?”

அப்பா எழுந்து பெட்ரோல் டப்பாவை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நேர்ச்சை ஒன்றும் இல்லையே. அப்படியென்றால் அந்த அக்கா கோயில் வாசலில், அதுவும் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய வாயால், பொய் சொல்லியிருக்கிறாள். பெட்ரோலில் பட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்த மாமாவிடம் போய் ரகசியமாகச் சொன்னேன்.

“அந்த அக்காவுக்குத் தெரியும் மாமா. உங்க காலப் பாத்துட்டுத்தான் பொய் சொன்னாங்க.”

மாமாவின் கை நின்றது. “என் காலப் பாத்தாளா?”

“ரொம்ப நேரம் பாத்தாங்க. என் கைய வேற இறுக்கிப் பிடிச்சாங்க.”

“எப்படிப் பிடிச்சா? மொதல்லேந்து சொல்லு பாப்பா.”

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். பட்டைகள் வெயிலில் காய்ந்து முடியும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அக்கா செய்த பாவம் மாமாவையும் இப்படி வாட்டுகிறதே என்று எனக்கு இரக்கமாகிவிட்டது. அன்று சாயங்கால ஜெபத்தில் அவளுக்காக மாதாவை வேண்டி ஒரு பிரியதத்த மந்திரம் சொன்னேன். பாவம், மாமாவுக்காகவும் ஒன்று.