ரத வீதியில் ரப்பர் பாம்பு

இன்று சாயங்காலம் சென்னையிலிருந்து வந்திருக்கும் அத்தை மகன் தினேஷை எங்கள் சங்கரன்கோவில் ரத வீதியில் உலாத்தக் கூட்டிப்போனேன்.

பிச்சிப்பூக் குவியல், கோபுரத்துப் புறாக்கள், ஆட்டோவுக்கே வழிவிடாத மாடு என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தள்ளினான்.

அவனை அலறவிட, நண்பன் செல்வத்தின் ரப்பர் பாம்பை இரவல் வாங்கி வந்திருந்தேன். செல்வத்தின் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. "ஏலே, பாம்பு பத்திரமா வரல, நீ செத்த" என்று சொல்லித்தான் தந்தான்.

தினேஷ் புறாவைப் பார்த்த நேரத்தில், ஒரு பழைய வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் பாம்பைச் சுருட்டி வைத்தேன்.

மற்ற ஊரில் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுவார்கள். நாகருக்கு நேர்ந்துகொள்கிற ஊர் எங்களுடையது.

முதலில் பார்த்த பூக்கடை அக்கா அலறவில்லை. ஒரு முழம் பூவை மெதுவாக வைத்தார். ஒரு அண்ணாச்சி பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றினார். கூட்டம் கூடிவிட்டது.

நைசாக எடுக்கக் குனிந்தேன்.

"தொட்டுராதலே! சாமி கண்ணசந்திருக்கு!" என்று அக்கா அதட்டினார்.

அலற வேண்டிய தினேஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னால் முதுகு வீங்கும். செல்வத்துக்குப் போன் போட்டேன். சைக்கிளில் பறந்து வந்தவன் கையில் அக்கா குங்குமத்தைக் கொடுத்தார். பூசிக் கும்பிட்டபடியே என் காதில் சொன்னான்: "என் பாம்புதாம்லே. இப்ப எப்படில கேக்க?"

மக்கா, யோசனை இருந்தால் சீக்கிரம் கமெண்டில் போடுங்கள். அண்ணாச்சி உண்டியல் வாங்கப் போயிருக்கிறார்.