அறுப்பின் பண்டிகையன்று வந்த ஜீப்

சபையாருக்கு என் அன்பான ஸ்தோத்திரம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கு அந்த வாயைக் கர்த்தருக்காகத் திறக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அறுப்பின் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் போடியிலிருந்து எட்டுப் பெண்களை மலைக்கு ஏற்றிப் போவார். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடிந்ததும் சாயங்காலம் கூட்டி வருவார். அன்றைக்கு ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. இருட்டியும் ஜீப் வரவில்லை. போனும் போகவில்லை. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து ஒரு ஜீப் மாட்டிக்கொண்டதாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படியே முழங்காலில் விழுந்தேன்.

"ஆண்டவரே, எம் புருசன கொண்டாந்து சேத்துருங்க. வேற ஒண்ணுமே கேக்க மாட்டேன்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

மறுநாள் ஞாயிறு, விளைச்சலுக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லும் பண்டிகை. காலையிலும் தகவல் இல்லை. நன்றி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது என்று கோபம் கோபமாக வந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா விடவில்லை. "இங்க ஒக்காந்து அழுகுறத அங்க வந்து அழு, வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். காணிக்கைக்கு வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

ஆராதனை முடிந்து, வாசலில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். என் பூசணிக்காய் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று போகும்போது ரோட்டில் ஹாரன் சத்தம். எங்கள் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா! "வந்துட்டாரு!" என்று நான் போட்ட கூச்சலில் ஏலமே நின்றுவிட்டது.

மலையிலிருந்து ஊருக்குள் வரும் வழியில்தானே நம் கோயில். ஜீப்பிலிருந்து அவரும் இறங்கினார், முழங்கால் வரை சேறோடு எட்டுப் பெண்களும் இறங்கினார்கள். மண் சரிவதைப் பார்த்ததும் வண்டியைப் பின்னாலேயே எடுத்து, ஏலக்காய் உலர்த்துகிற ஒரு கட்டடத்தில் எல்லாரையும் ராத்திரி தங்க வைத்து, காலையில் பாதையில் மண்ணை அள்ளியதும் கூட்டி வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எஸ்தர் அக்கா அதற்குள் என்ன சொல்லி வைத்தாரோ, அந்தப் பெண்களில் பேச்சியம்மாள் என்பவள் ஓடி வந்து என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அக்கா, எங்களுக்காக விடிய விடிய சாமி கும்பிட்டீகளாமே. நல்லா இருப்பீக!"

எனக்குச் சுருக்கென்றது. தினமும் என் கண் முன்னால் ஜீப் ஏறுகிறவர்கள். எட்டு வீட்டிலும் அன்றைக்கு உலை வைத்திருக்க மாட்டார்கள். ஒருத்தி பெயர்கூட என் ஜெபத்தில் இல்லை. கோயில் வாசலில் நின்றுகொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"இல்ல தாயி. ஒங்கள நான் நெனைக்கவே இல்ல. எம் புருசன மட்டுந்தான் கேட்டேன்."

அவள் கலகலவென்று சிரித்தாள். "அண்ணனக் கேட்டீகள்ல? அவரு வண்டியிலதானக்கா நாங்களும் இருந்தோம்."

கேட்டது கிடைத்தால் சொல்வதுதான் நன்றி என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் கேட்கவே தெரியாமல் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்திருந்தார் கர்த்தர். இப்போதெல்லாம் காலையில் அந்த எட்டுப் பேர் பெயரையும் சொல்லி ஜெபித்த பிறகுதான் இவரை அனுப்புகிறேன். "வெரசா முடி, நேரமாச்சு" என்பார். இருக்கட்டும், ஜீப் கொஞ்சம் நிற்கட்டும்.

பிரியமானவர்களே, சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தெரிந்த மட்டும் கேளுங்கள். ஒருத்தரைக் கேட்டவளுக்கு அவர் ஒன்பது பேரைக் கொண்டுவந்து கொடுத்தார்.