டெல்மார் மிச்சம் வைக்காத காபி

சான்பீட் பள்ளத்தாக்கில் அர்வில்லா மார்ட்டென்சன் வீட்டு உருளைக்கிழங்குத் தட்டு போய்ச் சேராத சாவு வீடு கிடையாது. சீஸை அள்ளிப் போட்டு, மேலே கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கித் தூவி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் வைத்துவிடுவாள். சபைக்கும் ஞாயிறு தவறாமல் போகிறவள்தான். தேவன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பெயரைச் சொல்லி மைக் பிடிக்கிறவர்களைக் கண்டால்தான் ஆகாது.

வருஷத்துக்கு இரண்டு தடவை சால்ட் லேக் நகரத்தில் சபையின் பெரிய மாநாடு கூடும். அதை வீட்டு டிவியில் பார்ப்பாள். பார்ப்பாள் என்று சொல்வதைவிட, இலவங்கப்பட்டை ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி திட்டுவாள் என்று சொல்வதுதான் பொருத்தம். மேடை ஏறினதும் அந்த ஆம்பிளைகளுக்கு ஒரு குரல் வந்துவிடும், தொட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல். முதலில் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்ட கேள்வி வரும். அப்புறம் தாத்தா பண்ணையில் காணாமல்போன குதிரை வரும். கடைசியில் ஒரு விதவை வருவாள், அவளோடு கைக்குட்டையும் வரும்.

"அந்த விதவைக்குப் பேரே இருக்காது, கவனிச்சியா?" என்பாள் மகள் ஜானீலிடம். "வாயும் இருக்காது. ரொட்டியச் சுட்டுக் குடுத்துட்டு, கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பா."

"அம்மா, அவங்க தேவ மனுஷங்க. பாத்துப் பேசு."

"தேவ மனுஷன்னா தொண்டையத் தெறந்து பேசட்டுமே. எதுக்கு இந்தக் கொஞ்சல்?"

இந்த அக்டோபரில் அவளுக்கு மாநாட்டு அரங்கத்துக்கே டிக்கெட் வந்தது. அனுப்பியவர் எல்டர் டெர்கெல்சன். முன்பு இந்தப் பள்ளத்தாக்குச் சபைகளுக்கெல்லாம் தலைவராக இருந்தவர், இப்போது சால்ட் லேக்கில் பெரிய பதவியில் இருக்கிறார். "ஞாயிறு காலை நான் பேசும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். ஜானீல் புது உடுப்பு வாங்கினாள். அர்வில்லா பை நிறைய மிட்டாய் எடுத்துக்கொண்டாள், தூக்கம் வராமல் இருக்க.

டெர்கெல்சன் குதிரையையும் விமானத்தையும் விட்டுவிட்டு நேராக விதவைக்கே வந்துவிட்டார்.

வான்கோழி வளர்க்கும் ஒரு எளிய மனிதன் இருந்தானாம். நல்லவன்தானாம், ஆனால் சபை விலக்கி வைத்த காபியை மட்டும் விடமுடியாதவன். அதனால் ஆலயத்துக்குள் போகும் தகுதி கடைசிவரை அவனுக்குக் கிடைக்கவில்லையாம். சாகப்போகும் காலையில் ஒரு கோப்பை காபி கேட்டானாம். மனைவி அழுதுகொண்டே போட்டுக் கொடுத்தாளாம். அவன் கோப்பையைக் கையில் வாங்கி, அவள் முகத்தைப் பார்த்து, அப்படியே தள்ளி வைத்தானாம். "இனி வேண்டாம், கண்ணே" என்றானாம். இந்த இடத்தில் டெர்கெல்சன் நிறுத்தினார். கைக்குட்டை வெளியே வந்தது. அரங்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம்.

அர்வில்லா வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து உடைத்தாள். அவள் புருஷன் டெல்மார் ஆயுசுக்கும் அவளைக் கண்ணே என்று கூப்பிட்டதில்லை. "ஏய் கிழவி" என்பான், கல்யாணமான மறுவருஷத்திலிருந்தே.

நடந்தது வேறு. டெல்மார் தன் காபியைப் பெட்ரோல் பங்க் கடையில்தான் குடிப்பான். மனைவி அடுப்படியில் அது ஏறக்கூடாது என்பது அவளுடைய சட்டம், அவனும் அதை மீறினதில்லை. கடைசிக் காலையில் அவனால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. "பங்க் வரைக்கும் என்னைத் தூக்கிட்டுப் போறியா கிழவி?" என்று சிரித்தான். அவள் பக்கத்து வீட்டு லூப்பேயிடம் போய்த் தூளும் பாத்திரமும் வாங்கி, எத்தனை கரண்டி என்று கேட்டுக்கொண்டு வந்து போட்டாள். அவள் வாழ்க்கையில் போட்ட முதல் காபி. அழவெல்லாம் இல்லை. பொங்கி அடுப்பில் வழிந்ததற்குத் திட்டினாள், அவ்வளவுதான். டெல்மார் குடித்தான். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி இன்னொன்று கேட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் டெர்கெல்சன் உள்ளே வந்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ஜன்னலத் தெறந்து விடட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். சாகிறவன் வீட்டில் அவர் செய்ய முன்வந்த ஒரே உபகாரம் அதுதான்.

பிரசங்கம் முடிந்தது. ஆயிரக்கணக்கான வாய்கள் ஆமென் என்றன. அர்வில்லா சொல்லவில்லை.

வெளியே நடைபாதையில் டெர்கெல்சன் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அழுதீங்களா சிஸ்டர்?"

"அவரு குடிச்சாருங்க."

"சாரத்தப் பாருங்க சிஸ்டர். ஆவியானவர் எனக்கு அந்தக் கதைய அப்படித்தான் உணர்த்தினாரு."

"அடுப்படியில நின்னது நானு. ஆவியானவர் அங்க வந்திருந்தா அவருக்கும் ஒரு கோப்பை ஊத்தியிருப்பேன்."

அவர் புன்னகை மாறாமல் அடுத்த கையைப் பிடிக்கப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஜானீல் வண்டியை ஓட்டிக்கொண்டே அழுதாள். "அப்பா கடைசியில திருந்திட்டாருன்னு கேக்க எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"திருந்துறதுக்கு உங்கப்பா என்ன கெட்டுப் போயிருந்தாரு?"

"நான் அன்னிக்கு அங்க இல்லம்மா. எல்டர் சொன்னதத்தான நான் வச்சிக்கணும்?"

அதுதான் அர்வில்லாவைக் குத்தியது. இந்தப் பேச்சு சபைப் பத்திரிகையில் அச்சாகும். ஊர் ஊராகப் பெண்கள் வகுப்பில் பாடமாகும். பேரப் பிள்ளைகளுக்கு, கோப்பையைத் தள்ளி வைத்த ஒரு ஞானப்பழம்தான் தாத்தாவாக நிற்கும். அவள் ஒருநாள் தன் சட்டத்தைத் தானே உடைத்து அவனுக்குச் செய்த காரியம் இல்லாமலே போய்விடும்.

அடுத்த மாதம் சொந்த ஊர்ச் சபையின் பெண்கள் வகுப்பில் அதே பேச்சு பாடமாக வந்தது. முடிவு ஜெபம் அர்வில்லா என்று முதலிலேயே அறிவித்தார்கள். பாடம் எடுத்த லொரீன் பாதி படிப்பதற்குள் கைக்குட்டையை எடுத்து, டெர்கெல்சன் நிறுத்திய அதே இடத்தில் தானும் நிறுத்தினாள்.

"இது நம்ம அர்வில்லா சிஸ்டரோட வீட்டுல நடந்தது. சிஸ்டர், நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

"வேணாம்மா. ஜெபத்துல சொல்லிக்கிறேன்."

நேரம் வந்ததும் எழுந்தாள். எல்லாரும் கைகட்டித் தலை குனிந்தார்கள், ஜானீலும்தான்.

"பரலோகப் பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். மழைக்காக ஸ்தோத்திரம். டெல்மார் சாகப்போற அன்னிக்கு நான் போட்ட காபிய மிச்சம் வைக்காம குடிச்சாரு, ரெண்டாவது கோப்பையும் குடிச்சாரு, அதுக்காக உமக்கு ஸ்தோத்திரம். தூள் குடுத்த லூப்பேயை ஆசீர்வதியும். அங்க நடக்காத விஷயத்தப் பேசுற வாய்களுக்கு அடக்கத்தக் குடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்."

ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்லியாக வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய வாய்கள், யோசிக்கவா போகின்றன? லொரீன் வாய்தான் முதலில் சொன்னது, அப்புறம்தான் அவள் கண் விரிந்தது. பின்னாலேயே அறை முழுக்க ஆமென் என்றது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் வழியில்லை.

ஜானீல் மட்டும் ஆமென் சொல்லவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. பெண்கள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கின பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அர்வில்லா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சக்கரை போட்டாரா?" என்றாள் ஜானீல்.

"ரெண்டு கரண்டி."

"பங்க்லயும் அப்படித்தான் போடுவாரு," என்றாள் மகள். பிறகு தாழ்ந்த குரலில் ஆமென் என்றாள்.