குகை வாசலில் எரிந்த டயர்கள்

மலைச்சரிவில் இருந்த வவ்வால் குகைக்கு அவள்தான் காவல். வனத்துறை கொடுத்த காக்கிச் சட்டை, ஒரு டார்ச், ஒரு நோட்டு. உள்ளே ஏழு வகை வவ்வால்கள். காதையும் மூக்கையும் பார்த்தே எது எந்த வகை என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக அதே வேலை. ஊர் அவளுக்கு வைத்த பெயர் 'வவ்வாலம்மா'. மரியாதைக்கு வைத்த பெயரல்ல.

அந்த வருஷம் கொழுந்தனின் கொய்யாத் தோப்பில் பாதிக் காய் கடிபட்டுப் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் தட்டில் ஒரு கடித்த கொய்யாவைப் போட்டான்.

"உங்க பிள்ளைங்க தின்ன மிச்சம், அண்ணி. சாப்பிடுங்க."

அவளுக்குப் பிள்ளை இல்லை. அது எங்கே குத்தும் என்று தெரிந்துதான் சொன்னான்.

"பழம் தின்னுறது உன் தோப்புக்குப் பின்னால மரத்துல தொங்குது. குகையில இருக்கிறது பூச்சிதான் தின்னும். எத்தனை தடவை சொல்றது?"

"வவ்வாலுக்கு வக்கீல் வேற" என்று கணவன் சிரித்தான்.

மூன்றாம் நாள் காலை, ஏறும்போதே ரப்பர் கருகும் நாற்றம். குகை வாசலில் நான்கு டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. மண்ணெண்ணெய் கேனோடு கொழுந்தன் நின்றான். ஓடக்கூட இல்லை.

"போய் ஒப்பாரி வைங்க" என்றான்.

டயர்களைக் கம்பால் நெம்பித் தள்ளினாள். உள்ளங்கை வெந்துபோனது. உள்ளே தரையெல்லாம் செத்துக் கிடந்த தாய் வவ்வால்கள்; மாரைக் கவ்வியபடியே குட்டிகள். நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணி எழுதினாள். கீழே அவன் பெயரையும் எழுதினாள்.

"கூடப் பிறந்தவன்டி. பார்க்கலைன்னு சொல்லிடு" என்றான் கணவன்.

"பார்த்தேனே."

கோர்ட்டில் கொழுந்தனின் வக்கீல் கேட்டார்: "அவர் மேல உங்களுக்குப் பகை, இல்லையா?"

"இருக்கு. அதுக்காகப் பொய் சொல்லலை."

கொழுந்தனை ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். தீர்ப்பு வந்த அன்றே அவள் துணிமணி எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. அவளும் கெஞ்சவில்லை. குகைக்குக் கீழே இருந்த காவல் கொட்டகைக்குக் குடிபோனாள். கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்.

மழைக்குப் பிறகு ஐந்து வகைகள் திரும்பி வந்தன. மற்ற இரண்டின் பக்கம் நோட்டில் காலியாகவே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆறு மாதம் போதாது என்றே தோன்றியது.

வெளியே வந்தவனை ஒற்றையடிப் பாதையில் ஒருநாள் எதிர்கொண்டாள். அவன் காறித் துப்பினான். அவள் நகரவில்லை, பார்வையைத் தாழ்த்தவுமில்லை. கடைசியில் அவன்தான் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, முள்ளில் சட்டை கிழிய இறங்கிப் போனான்.